பந்து உள்ளே, கால் கோட்டில்: பிக்கிள்பால் நடுவர் ஆவது எப்படி?

இரட்டையர் ஆட்டம். ஸ்கோர் 10-9-2. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கேம் முடிந்தது. நெட்டுக்கு அருகே எழும்பி வந்த பந்தை, சர்வ் செய்யும் அணியின் வீராங்கனை தரையில் படவிடாமல் ஓங்கி அடிக்கிறார். பந்து எதிர்க்கோர்ட்டின் நடுவில் விழுந்து, இரண்டாம் முறையும் எகிறி, வெளியே ஓடுகிறது. பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜோடி பேடிலோடு பேடிலைத் தட்டிக்கொள்ளப் போகிறது.

அப்போது நெட் கம்பத்தின் அருகே நிற்கும் நடுவர், "ஃபால்ட்" என்கிறார்.

"என்ன சார், பால் உள்ளேதானே விழுந்துச்சு?"

"பால் உள்ளேதான்மா. அடிச்ச வேகத்துல உங்க கால் கோட்டுல பட்டுச்சு."

கேம் முடியவில்லை. புள்ளியும் இல்லை. சர்வ் எதிரணிக்குப் போகிறது. அடுத்து நடுவர் சொல்லும் ஸ்கோர்: 9-10-1.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பிக்கிள்பால் கோர்ட்டுகளில் அடிக்கடி நடப்பது. அந்த நொடியில் மைதானத்தில் இருந்த எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் காலைப் பார்த்தார். பிக்கிள்பால் நடுவரின் வேலை என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆபீஸ் முடிந்து வாடகை கோர்ட்டில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வருபவர்களில் சிலருக்கு இப்போது இன்னொரு ஆசையும் வந்திருக்கிறது: 'நாமும் நடுவர் ஆனால் என்ன?' ஆகலாம். அதற்கு முன்னால் இந்த வேலை உண்மையில் என்ன, அதற்குத் தகுதி பெறும் வழி என்ன, எங்கே ஏமாறக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், ஆட்டம் என்ன?

1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய ஆட்டம் இது. டென்னிஸ், பேட்மின்டன், டேபிள் டென்னிஸ் மூன்றும் கலந்த கலவை. கோர்ட்டின் அளவு 44 அடி நீளம், 20 அடி அகலம். அதாவது, பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அதே அளவு. நெட்டின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். கையில் பேடில், ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்து. அவ்வளவுதான்.

ஆனால், இரண்டு விஷயங்கள் இதை மற்ற ஆட்டங்களிலிருந்து வேறுபடுத்துகின்றன. ஒன்று, நெட்டுக்கு இருபுறமும் 7 அடி ஆழத்துக்கு ஒரு பகுதி உண்டு. ஆட்டக்காரர்கள் அதை 'கிச்சன்' என்பார்கள். அங்கே நின்றுகொண்டு பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கக் கூடாது. இரண்டு, சர்வ் செய்த பந்து எதிரணியில் ஒருமுறை எகிற வேண்டும். திரும்பி வரும் பந்தும் சர்வ் செய்த அணியின் பக்கம் ஒருமுறை எகிற வேண்டும். அதன் பிறகே அந்தரத்தில் அடிக்கலாம்.

வழக்கமான முறையில் சர்வ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி. 11 புள்ளி, 2 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி.

அமெரிக்காவின் விளையாட்டுத் தொழில் சங்கமான எஸ்எஃப்ஐஏ கணக்கின்படி, அந்த நாட்டில் 2023-ல் 1.36 கோடிப் பேர் இதை ஆடினார்கள். 2024-ல் அது 1.98 கோடி. இவ்வளவு வேகமாக ஆட்டக்காரர்கள் கூடினால், போட்டிகளும் கூடும். போட்டிகள் கூடினால் நடுவர்கள் வேண்டும்.

லைன் கால் யார் சொல்வது?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு நடுவர் என்றாலே 'அவுட்டா, நாட் அவுட்டா' என்று தீர்ப்புச் சொல்பவர்தான். பிக்கிள்பாலில் இங்கேதான் முதல் ஆச்சரியம்.

லைன் ஜட்ஜ்கள் இல்லாத ஆட்டங்களில், பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பெரும்பாலும் ஆட்டக்காரர்களே சொல்ல வேண்டும். அதுவும் தங்கள் பக்கத்தில் விழும் பந்துக்குத் தாங்களே! தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்பதுபோல. அப்படி ஆடியவர்களுக்கு அதில் எத்தனை சண்டை வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் விதிகள் ஆட்டக்காரரை இறுக்கிப் பிடிக்கின்றன. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளியைத் தெளிவாகப் பார்த்தால் மட்டுமே 'அவுட்' சொல்லலாம். சந்தேகம் இருந்தால் பலன் எதிரணிக்கு. ஜோடியில் ஒருவர் 'அவுட்' என்று சொல்லி, மற்றவர் 'உள்ளே' என்று சொன்னால், பந்து உள்ளே.

சரி, அப்படின்னா நடுவருக்கு என்னதான் வேலை?

லைன் காலில் சந்தேகம் வந்து ஆட்டக்காரர் முறையிட்டால், நடுவர் தெளிவாகப் பார்த்திருந்தால் மட்டுமே மாற்றிச் சொல்வார். தெளிவாகப் பார்க்கவில்லை என்றால் கோர்ட்டில் சொன்னதே நிற்கும். 'நான் பார்க்கவில்லை' என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது நடுவரின் பலவீனம் அல்ல. விதியே அவரிடம் அதைத்தான் கேட்கிறது. புதிய நடுவர்கள் தடுமாறும் முதல் இடமும் இதுதான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் ஊகித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

அவருடைய சொந்தப் பொறுப்புகள் வேறு: கிச்சன் ஃபால்ட், சர்வ் செய்பவரின் கால், சர்வ் கிச்சன் கோட்டிலோ அதற்கு முன்போ விழுந்ததா என்பது, ஸ்கோர், யார் சர்வ் செய்ய வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், டைம் அவுட், ஆட்டக்காரர்களின் நடத்தை.

கிச்சன்: 7 அடிக்குள் இத்தனை சிக்கலா?

கிச்சன் விதியை மேலோட்டமாகச் சொன்னால் ஒரு வரி. நடுவராகப் படித்தால் ஒரு பாடமே இருக்கிறது.

* பந்தை அந்தரத்தில் அடிக்கும்போது கிச்சன் கோட்டில் கால் விரல் நுனி பட்டாலும் ஃபால்ட். கோடும் கிச்சனைச் சேர்ந்ததுதான்.
* அடித்த வேகத்தில், அதாவது உடல் முன்னே தள்ளப்பட்டு, பிறகு உள்ளே கால் வைத்தாலும் ஃபால்ட். அதற்குள் பந்து எதிரணியில் விழுந்து ஆட்டம் முடிந்துவிட்டிருந்தாலும் ஃபால்ட்தான். தொடக்கத்தில் பார்த்த காட்சி இதுவே.
* கால் மட்டும் அல்ல. அடிக்கும்போது தலையிலிருந்து தொப்பி நழுவிக் கிச்சனில் விழுந்தாலும் ஃபால்ட். கூலிங் கிளாஸ், பேடில் எதுவானாலும் அப்படித்தான்.
* கிச்சனுக்குள் நின்றிருந்தவர் அங்கிருந்தே எகிறி அந்தரத்தில் அடிக்க முடியாது. இரண்டு கால்களையும் வெளியே தரையில் ஊன்றிய பிறகே அடிக்கலாம்.
* ஆனால், கிச்சனுக்குள் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். எகிறிய பந்தை உள்ளே போய் அடிக்கலாம். அதில் எந்தத் தவறும் இல்லை.

கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'கிச்சனில் கால் வைத்தாலே ஃபால்ட்' என்று நினைத்துக்கொண்டு பல வருடம் ஆடுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் நடுவராக நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கல்களால்தான் நடுவரின் கண் பந்தின் பின்னால் ஓடக் கூடாது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் முன்கால் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்துவிட்டு, அதே நொடியில் எல்பிடபிள்யூவையும் பார்க்க அம்பயர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் ஐபிஎல் போன்ற தொடர்களில் நோ பால் பார்க்கும் வேலையை மூன்றாவது அம்பயரிடம் கொடுத்தார்கள். பிக்கிள்பாலில் நெட் அருகே நான்கு பேர், எட்டுக் கால்கள், பந்து மின்னல் வேகத்தில் போய்வருகிறது. பெரும்பாலான போட்டிகளில் பார்ப்பதற்கு ஒரே ஒரு ஆள்.

மூன்று எண்கள், ஒரு பெரிய தலைவலி

இரட்டையர் ஆட்டத்தில் ஸ்கோர் மூன்று எண்களாகச் சொல்லப்படும். முதலில் சர்வ் செய்யும் அணியின் புள்ளி, அடுத்து எதிரணியின் புள்ளி, கடைசியாக சர்வ் செய்பவர் முதல் சர்வரா இரண்டாம் சர்வரா என்பது. ஒவ்வொரு அணியிலும் இருவரும் அடுத்தடுத்து சர்வ் செய்வார்கள். இருவரும் இழந்த பிறகே சர்வ் எதிரணிக்குப் போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கேமைத் தொடங்கும் அணிக்கு அந்த முதல் முறை மட்டும் ஒரே சர்வர். அதனால்தான் ஆட்டம் '0-0-2' என்று தொடங்குகிறது. முதலில் சர்வ் கிடைத்த அணிக்குக் கூடுதல் லாபம் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இதுவரை சுலபம். சிக்கல், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் கேமைத் தொடங்கிய சர்வர் யார் என்று முதலிலேயே குறித்துக்கொள்வார்கள். போட்டிகளில் அவர் கையில் பட்டை போன்ற ஓர் அடையாளம் இருக்கும். அணியின் புள்ளி இரட்டைப் படையாக இருந்தால் அவர் வலது பக்கத்துக்கு உரியவர். ஒற்றைப் படை என்றால் இடது பக்கம்.

ஓர் உதாரணம். ஸ்கோர் 7-4-1. சர்வ் செய்யும் அணிக்கு 7, ஒற்றைப் படை. எனவே பட்டை கட்டியவர் இடது பக்கத்துக்கு உரியவர். எதிரணிக்கு 4, இரட்டைப் படை. அங்கே பட்டை கட்டியவர் வலது பக்கத்துக்கு உரியவர். நடுவர் இந்தக் கணக்கை ஸ்கோர் சொல்வதற்கு முன், ஓரிரு நொடிகளில், ஒவ்வொரு முறையும் போட வேண்டும்.

'அதான் கண்ணால பார்த்தாலே தெரியுமே?' என்று தோன்றும். தெரியாது. சர்வ் செய்பவரும் அதை எடுப்பவரும் மட்டுமே சரியான இடத்தில் நின்றால் போதும். அவர்களுடைய ஜோடிகள் தங்கள் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். தங்களுக்கு வசதியான பக்கத்தில் ஆடுவதற்காகப் பல ஜோடிகள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு, சர்வ் முடிந்ததும் ஓடி இடம் மாறுவார்கள். இதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். இரண்டு அணிகளுமே ஸ்டாக்கிங் செய்தால் கண்ணை நம்பி எதுவும் சொல்ல முடியாது. கணக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

இதற்காகத்தான் நடுவர் கையில் ஸ்கோர் ஷீட். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு, டைம் அவுட் எடுத்தால் ஒரு குறி. துணிக்கு மாட்டும் கிளிப்பை அட்டையில் நகர்த்தி, இப்போது யார் சர்வ், எத்தனையாவது சர்வர் என்று நினைவு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. டேப்லெட் வந்த பிறகும் கையால் ஸ்கோர் ஷீட் எழுதிப் பழகுவது பலன் தரும். ஏதாவது குழப்பம் வந்தால் பின்னோக்கிப் போய்ச் சரிபார்க்க அது உதவும்.

குரலுக்கும் ஒரு நேரம் உண்டு

நடுவர் ஸ்கோரைச் சொன்ன பிறகு சர்வ் செய்ய 10 நொடிகள். அதற்குள் பந்தை அடித்தாக வேண்டும். எனவே ஸ்கோரைச் சொல்வது வெறும் அறிவிப்பு அல்ல; கடிகாரத்தைத் தட்டிவிடுவதும் அதுதான்.

எதிரணியில் ஒருவர் கையையோ பேடிலையோ தலைக்கு மேல் தூக்கினால் அல்லது நெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றால், 'நான் தயாராகவில்லை' என்று அர்த்தம். ஸ்கோர் சொல்வதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும். சொல்லிவிட்ட பிறகு கை தூக்கினால் செல்லாது. அவசரப்பட்டுச் சொன்னால் ஒரு அணிக்கு அநியாயம். இழுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டத்தின் ஓட்டம் போய்விடும்.

கேமுக்குத் தலா இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். மூன்றாவது கேமில் 6 புள்ளி வந்ததும் பக்கம் மாறுவது. இவற்றை எல்லாம் நினைவு வைத்திருப்பதும் அவரே.

கோபம் வந்தால்?

ஆட்டக்காரர் கெட்ட வார்த்தை பேசினால், பேடிலை வீசினால், தீர்ப்பை ஏற்காமல் விடாது வாதாடினால் நடுவரிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று, டெக்னிகல் வார்னிங். புள்ளி போகாது. இன்னொன்று, டெக்னிகல் ஃபவுல். அது கொடுக்கப்பட்டால் அந்த அணியின் புள்ளியில் ஒன்று குறையும். அந்த அணி 0-வில் இருந்தால், எதிரணிக்கு ஒரு புள்ளி கூடும்.

11 புள்ளி ஆட்டத்தில் ஒரு புள்ளி என்பது சாதாரண விஷயம் இல்லை. 10-ல் நிற்பவர் 9-க்கு இறங்கினால் கேமே கைமாறலாம். எனவே இதை எப்போது எடுப்பது, எப்போது அமைதியான குரலில் 'ஆடலாம் வாங்க' என்று சொல்லி முடிப்பது என்பதை விதிப்புத்தகம் முழுவதுமாகக் கற்றுத்தராது. அனுபவம்தான் கற்றுத்தரும்.

தகுதி பெறுவது எப்படி?

நடுவர்களுக்கான முறையான ஏணி, இந்த ஆட்டம் பிறந்த அமெரிக்காவில் நன்கு உருவாகியிருக்கிறது. அங்கே 1984-ல் முதல் விதிப்புத்தகம் வெளிவந்தது. இப்போது 'யுஎஸ்ஏ பிக்கிள்பால்' என்ற அமைப்பு விதிப்புத்தகத்தை வெளியிடுவதோடு நடுவர்களுக்குப் பயிற்சியும் தரச்சான்றும் கொடுக்கிறது. அதன் வழி ஏறக்குறைய இப்படிப் போகிறது:

1. விதிப்புத்தகம்: இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கதைப்புத்தகம்போலப் படித்தால் நிற்காது. ஒவ்வொரு விதிக்கும் 'இது கோர்ட்டில் எப்படி நடக்கும்?' என்று ஒரு காட்சியை யோசித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

2. நடுவர் கையேடு: விதி என்ன என்பது ஒரு புத்தகம், அதைக் கோர்ட்டில் நடத்துவது எப்படி என்பது இன்னொரு புத்தகம். எங்கே நிற்பது, எந்தச் சொல்லில் அறிவிப்பது, ஸ்கோர் ஷீட்டை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் இதில் வரும்.

3. ஆன்லைன் தேர்வுகள்: ஆட்டக்காரருக்கான விதிகள், லைன் ஜட்ஜ், நடுவர் என்று படிப்படியாகத் தேர்வுகள். வருடக்கணக்கில் ஆடியவர்களையும் திணறவைக்கும் கேள்விகள் இருக்கும். காரணம், ஆடிப் பழகியது வேறு, எழுதப்பட்ட விதி வேறு.

4. கோர்ட்டில் பயிற்சி: அனுபவமுள்ள நடுவர் பக்கத்தில் நின்று பார்க்க, நிஜ ஆட்டங்களை நடத்துவது. லைன் ஜட்ஜாக நிற்பதும் நல்ல தொடக்கம். பிழை செய்ய அனுமதி உள்ள இடம் இது ஒன்றுதான்.

5. மதிப்பீடு: போதுமான ஆட்டங்களை நடத்திய பிறகு, தகுதி பெற்ற மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்த்து மதிப்பிடுவார்கள். தொடக்க நிலைகளில் ஆரம்பித்து 'சர்டிஃபைடு' நடுவர் வரை ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாலும் கோர்ட்டில் ஸ்கோரைக் குழப்பினால் இங்கே தேற முடியாது.

நன்றாக ஆடத் தெரிய வேண்டுமா? சாம்பியனாக இருக்கத் தேவையில்லை. ஆனால், ஆடிய அனுபவம் வேண்டும். ஸ்டாக்கிங் செய்யும் ஜோடி அடுத்து எங்கே ஓடும் என்பதை ஆடியவரால்தான் முன்கூட்டி ஊகிக்க முடியும்.

ஒருமுறை பாஸ் ஆனால் போதாது

பிக்கிள்பால் விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. உதாரணமாக, பந்தைக் கீழே விட்டு எகிறியதும் அடிக்கும் 'டிராப் சர்வ்' 2021-ல் வந்தது. விரலால் பந்தைச் சுழற்றிவிட்டு சர்வ் செய்வது 2023-ல் தடை செய்யப்பட்டது. 2025 விதிப்புத்தகத்தில், யார் சர்வ் செய்தாலும் புள்ளி கிடைக்கும் 'ரேலி ஸ்கோரிங்' முறை சோதனை அடிப்படையில் சேர்க்கப்பட்டது. போன வருடம் சரியாக இருந்த தீர்ப்பு இந்த வருடம் தவறாகலாம்.

இன்னொரு சிக்கல், விதிப்புத்தகமே ஒன்று அல்ல. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களுக்காக 2024-ல் யுபிஏ-ஏ என்ற அமைப்பு உருவானது. அதற்கெனத் தனி விதிப்புத்தகம் உண்டு. லீக்குகளிலும் ஸ்கோர் முறை மாறும். எனவே கோர்ட்டில் இறங்கும் முன் நடுவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்தப் போட்டி எந்த விதிப்புத்தகத்தின்படி?'

இந்தியாவில் நிலைமை என்ன?

2000-களில் இந்தியாவுக்கு வந்த ஆட்டம் இது. அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் பல ஆண்டுகளாகத் தேசிய அளவில் போட்டிகளை நடத்திவந்தது. 2025 தொடக்கத்தில் மும்பையில் வேர்ல்டு பிக்கிள்பால் லீக்கின் முதல் சீசன் நடந்தது. 'சென்னை சூப்பர் சாம்ப்ஸ்' அணியை நடிகை சமந்தாவும், 'பெங்களூரு ஜவான்ஸ்' அணியை இயக்குநர் அட்லீ - பிரியா தம்பதியும் வாங்கியதால் தமிழ்நாட்டிலும் பலர் இந்த ஆட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

2025 ஏப்ரலில் மத்திய விளையாட்டு அமைச்சகம், 'இந்தியன் பிக்கிள்பால் அசோசியேஷன்' என்ற அமைப்பைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது. பழைய சங்கம் இதை எதிர்த்தது.

நடுவர் ஆக நினைப்பவருக்கு இந்த விவகாரம் ஏன் முக்கியம்? ஒரு சான்றிதழின் மதிப்பு, அதைக் கொடுத்தவர் யார் என்பதில்தான் இருக்கிறது. ஆட்டம் வேகமாக வளரும் இடத்தில் 'இரண்டே நாளில் சர்டிஃபிகேட்' என்ற விளம்பரங்களும் வளரும். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும்:

* இந்தச் சான்றிதழை எந்த அமைப்பு கொடுக்கிறது? அதற்கு யாருடைய அங்கீகாரம் இருக்கிறது?
* இதை வைத்துக்கொண்டு எந்தப் போட்டிகளில் நடுவராக நிற்கலாம்? மாநில அளவிலா, தேசிய அளவிலா?
* பயிற்சியில் நிஜ ஆட்டங்களை நடத்தும் வாய்ப்பு உண்டா, வகுப்பறையோடு சரியா?
* எத்தனை காலம் செல்லும்? விதி மாறும்போது மறுபடி தேர்வு உண்டா?

பதில் தெளிவாக வரவில்லை என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல பேடில் வாங்கிக்கொள்ளலாம்.

காசு கிடைக்குமா?

இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. உலகம் முழுக்கப் பெரும்பாலான பிக்கிள்பால் நடுவர்களுக்கு இது பகுதிநேர வேலை. மேட்ச் கணக்கிலோ நாள் கணக்கிலோ ஒரு தொகை கிடைக்கும். சிறிய உள்ளூர் போட்டிகளில் டி-ஷர்ட்டும் சாப்பாடும்தான் என்பதும் நடக்கும். வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்க முடியாது.

அப்படியானால் எதற்கு? வார இறுதியில் ஆட்டத்தோடு இருக்க விரும்புபவர்களுக்கு, முட்டி வலியால் முன்புபோல ஆட முடியாதவர்களுக்கு, விதிகளை ஆழமாகத் தெரிந்துகொண்டு தங்கள் ஆட்டத்தையே மேம்படுத்த நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஒலிம்பிக்கில் இன்னும் இடம்பெறாத, இப்போதுதான் அமைப்புகள் உருவாகிவரும் ஆட்டம் என்பதால், இன்று முறையாகக் கற்றுக்கொள்பவர்கள் நாளை பெரிய போட்டிகள் வரும்போது முன்வரிசையில் இருக்க வாய்ப்பு உண்டு.

இந்த வாரமே தொடங்கலாம்

சான்றிதழுக்கு முன்பே பழகத் தொடங்க எளிய வழிகள் இருக்கின்றன.

யூடியூபில் ஓர் இரட்டையர் ஆட்டத்தைப் போடுங்கள். சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் மூன்று எண்களையும் நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். முதல் கேமில் குழம்புவீர்கள். ஐந்தாவது கேமில் எண்கள் தானாக வரும்.

அதே வீடியோவை மறுபடி ஓட்டுங்கள். இந்த முறை பந்தைப் பார்க்கவே கூடாது. நெட் அருகே நிற்பவர்களின் கால்களை மட்டும் பாருங்கள். இது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பந்து நம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் கோர்ட்டில் நண்பர்கள் ஆடும்போது ஒரு கேம் ஓரத்தில் நில்லுங்கள். பேப்பர், பேனா, ஒரு கிளிப். ஸ்கோர் சொல்லுங்கள், கிச்சன் ஃபால்ட்டைச் சொல்லுங்கள். 'டேய், ஃப்ரெண்ட்லி மேட்ச்தானே, விடுடா' என்று யாராவது சொல்வார்கள். அந்த இடத்திலும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல முடிகிறதா, பார்க்காததை 'பார்க்கலை' என்று சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள். நடுவருக்கான முதல் தேர்வு அதுதான்.

தொடக்கத்தில் பார்த்த அந்த 10-9-2 ஆட்டத்துக்குத் திரும்பினால், நடுவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேம் முடிந்திருக்கும், ஒரு ஜோடி கொண்டாடியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால், எதிர்ப்பக்கம் 9 புள்ளி வரை போராடி வந்த இருவர் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் ஒருவர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.